கனத்த ஸ்டவுட் பீரில் பருப்பு மணத்தைப் பிரித்தறிவது: குமரி மாவட்ட வாசகர்களுக்கான முழு வழிகாட்டி

எட்டு முதல் பன்னிரண்டு சதவீதம் ஆல்கஹால் உள்ள கறுத்த ஸ்டவுட்டை, நாம் சாதாரண பீரைக் குடிப்பதுபோல ஐஸ் குளிரில் மடமடவென்று குடித்தால் நாக்குக்குத் தெரிவது கசப்பும் இனிப்பும்தான். லேபிளில் போட்டிருந்த, முந்திரி, நிலக்கடலை போன்ற வறுத்த பருப்பு மணம் எங்கே என்று தேடுபவர்களில் பாதிப்பேர் இப்படிக் குடித்தவர்கள். மீதிப்பேருக்கு மணம் கிடைத்திருக்கும். ஆனால் அது மால்ட்டிலிருந்து வந்ததா, சேர்த்த எசன்ஸா, பீர் பழையதாகிவிட்டதன் அறிகுறியா என்று சொல்லத் தெரியாது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு மூக்கைப் பழக்குவது எப்படி என்பதுதான் கீழே.

பருப்பு மணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி மால்ட். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெவ்வேறு பதத்தில் வறுக்கிறார்கள். சூட்டில் தானியத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடக்கும் மயிலார்ட் வினையில் பைரசின் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. வறுத்த கடலை, காப்பிக்கொட்டை, தீயலுக்கு வறுத்த தேங்காய் ஆகியவற்றின் மணத்திலும் இதே குடும்பம்தான் இருக்கிறது. அதனால் ஒரு பருப்புகூடச் சேர்க்காத ஸ்டவுட்டிலும் பருப்பு மணம் நன்றாக வரும்.

ஆனால் பீர் கறுப்பாக இருந்தால் பருப்பு மணமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த மணம் அதிகம் வருவது இடைப்பட்ட பதத்தில் வறுத்த ஆம்பர் மால்ட், பிரவுன் மால்ட் வகைகளில். அதற்கு மேல் வறுத்த சாக்லேட் மால்ட்டில் (பெயரில் மட்டும்தான் சாக்லேட்) கோகோவும் காப்பியும் முன்னால் நிற்கும். கறுப்பு மால்ட்டிலும், முளைகட்டாமல் வறுத்த பார்லியிலும் கருகலும் சாம்பலும்தான். 1817-ல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கொஞ்சம் கறுப்பு மால்ட்டைப் போட்டே முழு நிறத்தையும் கொண்டுவந்துவிட முடிந்தது. பிரவுன் மால்ட்டின் பங்கு அதன்பின் குறைந்தது. இன்றும் கறுப்பு மால்ட்டை மட்டும் நம்பிய ஸ்டவுட்டில் நிறம் இருக்கும், பருப்பைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து சேர்ப்பது: ஹேசல்நட், நிலக்கடலை, பெக்கன், தேங்காய். பருப்பில் உள்ள எண்ணெய் நுரையை அமுக்கிவிடும், நாளானால் காறிப்போகும். அதனால் பெரும்பாலும் எண்ணெய் நீக்கிய தூளோ எசன்ஸோதான் போடுகிறார்கள்.

மூன்றாவது வழி காலம். அதிக ஆல்கஹால் உள்ள பீர் பாட்டிலுக்குள் மெதுவாக ஆக்சிஜனோடு சேரும்போது ஷெர்ரி ஒயின், பாதாம், உலர்திராட்சை சாயலில் ஒரு மணம் எழும். அளவோடு இருந்தால் அது அழகு. ஓக் பீப்பாயில் வைத்து எடுத்ததென்றால் மரத்திலிருந்தே தேங்காய், வனிலா மணம் வந்துவிடும். தேங்காய் வாசம் வந்தால் தேங்காய் போட்டிருக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 23. டாஸ்மாக் அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் லாகர் எனும் வெளிர்நிற பீர் வகை. அவற்றில் 'ஸ்ட்ராங்' என்று இருப்பது ஆல்கஹாலைத்தான் குறிக்கும், வறுத்த மால்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல ஸ்டவுட் நம் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ திருவனந்தபுரம் விமானநிலையம் வழியாகத்தான். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர், அதாவது 330 மி.லி. பாட்டில் ஆறு. மாநில எல்லை கடக்கும்போது கலால் விதிகள் தனியாக இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்து வாருங்கள்.

பழக ஆரம்பிப்பவருக்கு இலங்கையின் லயன் ஸ்டவுட் (8.8 சதவீதம்) நல்ல தொடக்கம். அதில் சேர்த்த பருப்பு ஏதும் இல்லை, மால்ட்டின் வேலையை மட்டும் பார்க்கலாம். 7.5 சதவீதமுள்ள கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா அதைவிட வறண்டது, கருகல் தூக்கலானது. ஹேசல்நட் என்றோ பீனட் பட்டர் என்றோ பெயரிலேயே உள்ள ஸ்டவுட்டை இரண்டாவதாக வாங்குங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் எசன்ஸின் சத்தத்தில் மால்ட்டின் குரல் கேட்காது.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பருப்பு சேர்க்காத கனத்த ஸ்டவுட் குளிர்ந்த இருட்டில் ஓரிரு ஆண்டு தாங்கும். பருப்பு சேர்த்ததை ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. நம் ஊர் வெப்பத்தில் இந்தக் கணக்கும் சுருங்கும்: 30 டிகிரி அறையில் அலமாரியில் கிடந்த பாட்டில், 10 டிகிரியில் இருந்ததைவிடப் பல மடங்கு வேகமாகக் கிழடு தட்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலே போதும், பாதி மணம் போய்விடும். பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

நிலக்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் பருப்பு சேர்த்த ஸ்டவுட்டைத் தொடவே கூடாது. எசன்ஸ்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மூக்கைப் பழக்கும் கிண்ணங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்யப் பொறுமை இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மணத்துக்குப் பெயர் தெரியாமல் ருசி பார்த்தால் கடைசியில் "நல்லாருக்கு" என்பதற்கு மேல் எழுத வராது. தேவையானதெல்லாம் அடுக்களையிலேயே இருக்கிறது.

அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) இருபது எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை அப்படியே பச்சையாக வையுங்கள். மீதியை எண்ணெய் விடாமல், அடிகனத்த சட்டியில் சிறுதீயில் போட்டுக் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறம் வரும், ஐந்தை எடுத்துவிடுங்கள். இன்னும் மூன்று நிமிடத்தில் செம்பழுப்பு, அடுத்த ஐந்து. கடைசி ஐந்தும் கறுத்துப் புகைய ஆரம்பிக்கும்வரை இருக்கட்டும். ஆறியதும் தனித்தனியாக இடித்து, மூடியுள்ள சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் போடுங்கள். இந்த நான்கும் மால்ட் வறுப்பின் நான்கு பதங்களுக்கு ஏறக்குறைய இணை. பச்சையில் பால்மணமும் மாவுமணமும், பொன்னிறத்தில் பிஸ்கட், செம்பழுப்பில் நாம் தேடும் அந்த மணம், கறுத்ததில் பருப்பு செத்துச் சாம்பல் மட்டும். முகர்ந்து முடித்தபின் வாயில் ஒரு துளி போட்டுப் பாருங்கள், கருகலின் கசப்பு நாக்கின் அடியில் பிடித்துக்கொண்டு போக மறுக்கும். மோசமான ஸ்டவுட்டின் முடிவும் அப்படியேதான் இருக்கும். (அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை பக்கம் போனால் மூக்கில் ஏறும் கார நெடி முந்திரி ஓட்டு எண்ணெயின் நெடி. அதைப் பருப்பின் மணமாக மனதில் பதித்துக்கொள்ளாதீர்கள்.)

இதோடு இன்னும் ஐந்து கிண்ணம்: வறுத்த நிலக்கடலை, தீயல் பதத்துக்கு வறுத்த தேங்காய்த் துருவல், பொடித்த கருப்பட்டி, சிக்கரி கலக்காத காப்பித்தூள், இரண்டாக வகிர்ந்த உலர்திராட்சை. முடிந்தால் ஆறாவதாக, காறிப்போன தேங்காயெண்ணெய் அரை ஸ்பூன். நல்ல மணங்களைப் பழகுவதைவிடக் கெட்டதைப் பழகுவது சீக்கிரம் கைகொடுக்கும்.

கிண்ணங்களை மாற்றி அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டச் சொல்லுங்கள். நிலக்கடலையையும் அண்டிப்பருப்பையும் தடுமாறாமல் சொல்ல முடிந்துவிட்டால் பாட்டிலைத் திறக்கலாம்.

மது தொடாதவர்களும் இதுவரை கூடவே வரலாம். கடையில் கிடைக்கும் பார்லி அரிசி 20 கிராமைக் காப்பிநிறம் வரும்வரை வறுத்து, 250 மி.லி. கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால் ஸ்டவுட்டின் எலும்புக்கூடு ஆல்கஹால் இல்லாமலே கிடைக்கும்.

கிளாஸ், அறை, வாய்

கிளாஸ் வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். பிராந்தி கிளாஸ் பொருத்தம், காம்புள்ள ஒயின் கிளாஸும் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம்: நிறமும் தெரியாது, அகன்ற வாய் வழியே மணமும் ஓடிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொல்லும். மீன்சட்டி தேய்த்த நாரை கிளாஸில் வைக்காதீர்கள். புது நாரால் கழுவி, நிறைய தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் உள்பக்கத்தை நனைத்துத் தூளுப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு எங்கும் சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத்திட்டாக வழுக்கினால் பிசுக்கு இருக்கிறது. கிளாஸை ஃப்ரீசரில் வைப்பது வீண்வேலை.

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காப்பி, வெற்றிலை, பீடி சிகரெட், காரமான சாப்பாடு எதுவும் கூடாது. பல் தேய்ப்பதும்தான். சாம்பிராணி புகையும் அறையில், அடுப்பில் மீன் பொரியும்போது, தலையில் பிச்சிப்பூ வைத்தவர் பக்கத்தில் இருக்கும்போது, எவ்வளவு நல்ல மூக்கும் தோற்றுப்போகும். முகரும் சமயத்தில் மட்டும் ஃபேனை அணைத்துவிடுங்கள். வியர்க்கத்தான் செய்யும், வேறு வழியில்லை. வாய் கொப்பளிக்க, அதிகம் குளிராத வெறும் தண்ணீரும் உப்பு குறைந்த ரொட்டித் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெப்பநிலை

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். 4 டிகிரியில் மண மூலக்கூறுகள் திரவத்தை விட்டு எழும்புவதில்லை, நாக்கும் மரத்துவிடும். கசப்பு மட்டும் துருத்தி நிற்கும். அப்படியே அறைவெப்பத்தில், அதாவது நம் ஊர் 30 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கை எரிக்கும். நமக்கு வேண்டியது 10 முதல் 14 டிகிரி.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 330 மி.லி. பாட்டில் நாகர்கோவில் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடத்தில் 10 டிகிரியைத் தொட்டுவிடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பாட்டில் கையை விறைக்கவைக்காத அளவு குளிர்ச்சியாகவும், வெளியே வியர்த்தும் இருக்கும்போது திறங்கள். கிளாஸில் ஊற்றியபின் சூடு வேகமாக ஏறும், ஆகவே ஒரே தடவையில் முழு பாட்டிலையும் ஊற்றாதீர்கள். ஊற்றியவுடன் ஒரு தடவை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை, கடைசியில் கிளாஸின் அடியை உள்ளங்கையில் ஏந்திச் சூடாக்கி ஒரு தடவை என மூன்று கட்டமாகப் பாருங்கள். மால்ட்டின் பருப்பு மணம் இரண்டாம் கட்டத்தில்தான் வாய் திறக்கும்.

ஊற்றுவது, பார்ப்பது

ஒருவருக்கு 100 முதல் 120 மி.லி. போதும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, பாதிக்கு மேல் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் விரற்கடை அளவு நுரை வரும். நுரை வெல்லப்பாகு நிறத்தில் இருப்பது இயல்பு. கனத்த ஸ்டவுட்டில் நுரை சீக்கிரம் அடங்குவதும் இயல்பு, ஆல்கஹால் அதை நிற்கவிடாது. ஊற்றி அரை நிமிடத்துக்குள் சுவடே இல்லாமல் போனால் கிளாஸில் பிசுக்கு, அல்லது பீரில் பருப்பெண்ணெய். மறுபக்கம், திறந்தவுடனே பொங்கிவழிந்தால் குலுங்கியிருக்கிறது. குலுங்காமலே பொங்கினால் உள்ளே வேண்டாத கிருமி புகுந்து மறுபடி புளித்திருக்கலாம். அடியில் வண்டல் இருந்தால் கடைசி ஒரு செண்டிமீட்டரை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். நைட்ரஜன் ஏற்றிய கேன் என்றால் சாய்க்காமல் வேகமாகக் கவிழ்த்து ஊற்ற வேண்டும். அதில் வழவழப்பு கூடும், மணம் குறையும். பருப்பு மணம் பழக ஏற்றதில்லை.

செல்போன் டார்ச்சைக் கிளாஸின் விளிம்போரம் பிடித்தால் சிவப்போடிய பழுப்பு தெரியும். நிறத்தில் இதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை.

முகர்வது, பருகுவது

முதலில் கிளாஸை ஆட்டாமல், மூக்குக்குக் கீழே ஒரு தடவை குறுக்காகக் கொண்டுபோங்கள். இந்த முதல் வீச்சிலேயே, அதுவும் குளிராக இருக்கும்போதே, பருப்பு மணம் ஓங்கி அடித்தால் அது பெரும்பாலும் சேர்த்த எசன்ஸ். பிறகு கிளாஸ் வாயை உள்ளங்கையால் மூடி நாலைந்து சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் இரண்டு மூன்று குட்டி மூச்சாக இழுங்கள். நீண்ட மூச்சு இழுத்தால் ஆல்கஹால் நெடி மற்றதை மறைத்துவிடும். மூக்கு சலித்துவிட்டால் சட்டைக்கையில் முகர்ந்துவிட்டு வாருங்கள்.

முதல் மிடறு கணக்கில் சேராது; வாயை நனைக்க மட்டும். இரண்டாவது மிடறு 10 முதல் 15 மி.லி., அதாவது ஒரு மேசைக்கரண்டிக்கு உள்ளே. ஐந்து விநாடி வாயில் உருட்டி, விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த வெளிமூச்சில்தான் மால்ட்டின் பருப்பு இருக்கிறது. ஒயின்காரர்கள்போலத் துப்பிவிடுவது இங்கே சரிப்படாது, ஸ்டவுட்டின் முடிவுச்சுவை தொண்டையைத் தாண்டும்போதுதான் தெரியும்.

மூன்றாவது மிடறுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலால் இறுக்கிப் பிடித்தபடி பருகி, விழுங்குமுன் பாருங்கள்: இனிப்பு, கசப்பு, லேசான புளிப்பு, ஈறில் ஒட்டும் துவர்ப்பு, தொண்டையில் சூடு. பருப்பு இருக்காது. விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். அந்த ஒரு நொடியில் காப்பி, கோகோ, வறுத்த பருப்பு எல்லாம் திபுதிபுவென்று வந்து நிற்கும். விரல் இருக்கும்போது இருந்தது நாக்கின் ருசி, விரலை எடுத்தபின் வந்தது மணம். முதன்முறை செய்பவர்கள் நம்ப முடியாமல் இன்னொரு தடவை செய்து பார்ப்பார்கள்.

எந்த வழியில் வந்த பருப்பு?

மால்ட்டிலிருந்து வந்தது நடுவாயில் தொடங்கி, ரொட்டியின் கருகிய ஓரம், கோகோ இவற்றோடு பின்னிக்கொண்டு, விழுங்கியபின் அரை நிமிடமாவது நிற்கும். தனியாகப் பிரித்து எடுக்க வராது. பீர் சூடாக ஆக அது கூடும்.

எசன்ஸ் நேர்மாறு. மூக்கில் பிரமாதம், வாயில் போனதும் காணாமல் போகும். ஒரே ஒரு குறிப்பான பருப்பின் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறது, கூடவே மிட்டாய்ச் சாயலும் இருக்கிறது என்றால் இதுதான். சூடாக ஆக மணம் கூடாமல் வெறும் தித்திப்பு மேலே வரும்.

காலத்தால் வந்ததில் பாதாமும் உலர்திராட்சையும் எப்போதும் ஜோடியாக வரும். கருகல் மழுங்கியிருக்கும், கசப்பும் குறைந்திருக்கும். இது கொஞ்சம் எல்லை மீறினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், அதற்கும் மேல் சோயா சாஸ். அட்டைப்பெட்டி வந்தாலே அந்தப் பாட்டில் காலம் கடந்துவிட்டது.

கெட்டுப்போனதன் அடையாளங்கள்

காறல் வாசம் வந்தால் பருப்பெண்ணெய் கெட்டுவிட்டது. சேர்த்த பருப்பு உள்ள, பழைய, சூடுபட்ட பாட்டிலில் வரும். வெண்ணெய் வாசமும் நாக்கில் வழுவழுப்பும் இருந்தால் டையசெட்டில் என்ற சேர்மம். ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் பீரைப் பிரித்ததால் வருவது. காடிப் புளிப்பு என்றால் பாக்டீரியா. நெயில் பாலிஷ் நெடி வந்தால் நொதித்தபோது சூடு கூடியிருக்கிறது. கிராம்பு மணம் லேசாக இருந்தால் சில ஈஸ்ட்களின் இயல்பு. மருந்துக்கடை வாசமாக இருந்தால் வேண்டாத காட்டு ஈஸ்ட். சாம்பல் தட்டு கசப்பு மட்டும் குறையா இல்லையா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. நல்ல மால்ட்டை வாங்கிக் கருக்கிக் குடிப்பதில் என்ன பெருமை என்பது எங்கள் கட்சி.

கூட என்ன சாப்பிடலாம்

முந்திரிக்கொத்துதான் முதல் தேர்வு. வறுத்த சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய் மூன்றும் ஸ்டவுட்டின் மூன்று மணங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கைகொடுக்கும். வெறும் கருப்பட்டித் துண்டும் நல்லது. உப்புப் பக்கம் போனால் சிப்பி; ஸ்டவுட்டோடு கடல்சிப்பி சாப்பிடுவது லண்டனிலும் அயர்லாந்திலும் பழைய வழக்கம், நமக்குக் குளச்சல், கடியபட்டணம் பக்கத்துச் சிப்பியே இருக்கிறது. மசாலாவில் புரட்டாமல், மிளகும் உப்பும் போட்டு வேகவைத்தால் போதும். தேங்காய்ச்சில்லு போட்டு வறட்டிய மாட்டிறைச்சியும் பொருந்தும், மிளகாயைக் குறைத்துக்கொண்டால்.

புளி கூடிய மீன்குழம்பு கூடவே கூடாது. புளிப்பும் கருகல் கசப்பும் மோதி, வாயில் இரும்பு ருசிதான் மிஞ்சும். மிளகாய்க் காரத்தை 9 சதவீத ஆல்கஹால் இன்னும் எரியவைக்கும். ஏத்தங்காய் சிப்ஸ் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் உதட்டிலிருந்து கிளாஸுக்குப் போய் நுரையை முடித்துவிடும். ருசிபார்த்து எழுதி முடித்தபின் எடுங்கள்.

அளவும் முக்கோணச் சோதனையும்

10 சதவீத ஸ்டவுட் 330 மி.லி. பாட்டிலில் 33 மி.லி. சுத்த ஆல்கஹால். 5 சதவீத 650 மி.லி. பீர் ஒரு முழு பாட்டிலில் இருப்பது 32.5 மி.லி. ஆகவே சின்னப் பாட்டில்தானே என்று நினைக்காமல் ஒன்றை மூன்று பேர் பகிருங்கள். வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.; அன்றைக்குச் சாவியைத் தொடாதீர்கள். மெட்ரோனிடசோல் போன்று ஆல்கஹாலோடு சேரக் கூடாத மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கிண்ணப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று பேர், இரண்டு வகை ஸ்டவுட் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மூன்று கிளாஸில் தலா 30 மி.லி.: இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் மற்றது. ஊற்றுபவர் வேறு அறையில் ஊற்றிக் கிளாஸின் அடியில் எண் ஒட்டட்டும். பருகுபவர் எது தனி என்று மட்டும் சொன்னால் போதும், எது நல்லது என்ற பேச்சே அப்போது வேண்டாம். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரு சுற்றில் ஜெயித்ததை வைத்துப் பேசிவிட முடியாது. வெவ்வேறு நாளில் நாலைந்து சுற்று வையுங்கள். விடை சொன்னபின் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டியவை: எந்தப் பருப்பு, எந்தப் பதம் (பொன்னிறமா செம்பழுப்பா கருகலா), மூக்கில் முதலில் வந்ததா வாயிலா, விழுங்கியபின் எத்தனை விநாடி நின்றது, அப்போது பீர் எத்தனை டிகிரி. எழுதி முடிக்கும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒருவர் "கடலை" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவருக்கும் அதன்பின் கடலைதான் மணக்கும்.

மிச்சமிருந்தால் இறுக்கமாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கேஸ் இறங்கியிருக்கும், ஆனால் அந்தச் சப்பையான பீரில் மால்ட்டின் பருப்பு மணம் இன்னும் துலக்கமாகத் தெரிவதுண்டு. அதற்கு மேல் வைத்தால் மாட்டிறைச்சி ஊறவைக்க மட்டுமே ஆகும்.